ஏழு கிலோ எடைக்கல்லும் நாற்பது ஜாக்கெட்டும்

வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில், ஊருக்கு மேற்கே இருக்கும் ஏரியில் போட் ஹவுஸ் திறந்த நாளிலிருந்து தனக்கொடிக்கு ஒரே வேலைதான். படகு ஏற வருகிறவர்களுக்கு லைப் ஜாக்கெட் மாட்டிவிடுவது. அதற்கு முன் சேதராப்பட்டில் பை தைக்கும் கம்பெனியில் பதினோரு வருடம் இருந்தாள். கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது. போட் ஹவுஸைக் குத்தகைக்கு எடுத்த விஜயராஜ், "ஜாக்கெட்டைப் பார்த்துக்க ஒரு பொம்பள ஆளு வேணும்" என்று ஊரில் சொல்லி அனுப்பினார். தனக்கொடி தையல் ஊசியையும் நூல்கண்டையும் எடுத்துக்கொண்டு போய் நின்றாள். ரவிக்கை தைக்கக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருந்தாள்.

அந்தக் கதையை விஜயராஜ் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவளுக்கு ஜாக்கெட்டக்கா என்று பேர். டீக்கடையில் யாராவது, "அக்கா, லைனிங் வச்சா, வைக்காமலா?" என்று கேட்பார்கள். "ஒன் வாயைத் தைக்கிறேன், வா" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

ஆனால் படகுத்துறையில் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாது. மூன்று பக்கிளும் 'டக் டக் டக்' என்று விழ வேண்டும். தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுப்பாள். ஜாக்கெட் காது வரை ஏறினால், "லூசா கீது" என்று மறுபடி அவிழ்த்து இறுக்குவாள். மூச்சு முட்டுகிறது என்று எவரேனும் சொன்னால், "மூச்சு முட்டுதுன்னு சொல்ல மூச்சு கீதே, போதும்" என்பாள். கல்யாணப் பட்டுப்புடவையில் போட்டோ எடுக்க வருகிற பெண்கள் ஆரஞ்சு நிறத்தைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். அவர்களிடம் மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டி, நகைமேல் மாட்டிவிட்டு நகையைத் தூக்கி வெளியே போடுவாள். அதற்குமேல் சலுகை கிடையாது.

இன்னொரு பெருமையும் அவளுக்கு இருந்தது. நாற்பது ஜாக்கெட்டையும் தினமும் சாயங்காலம் வெயிலில் காய வைத்து, நான்கு அடுக்காக அடுக்கி, ஒவ்வோர் அடுக்கின் மேலும் கனமாக ஏதாவது ஏற்றி வைப்பாள். ஓர் அடுக்குக்கு இரும்பு டிரங்குப் பெட்டி, இன்னொன்றுக்கு உடைந்த படகின் நங்கூரம், மற்ற இரண்டுக்கும் சிமெண்ட் கல். காலையில் எடுத்தால் இஸ்திரி போட்டதுபோலத் தட்டையாக இருக்கும். "தனக்கொடி ரூமைப் போய்ப் பாருங்கடா" என்று விஜயராஜ் மற்ற ஆட்களைக் கடிந்துகொள்வார்.

மூன்று வருடத்தில் அவள் ஒருமுறைகூடப் படகில் ஏறியதில்லை. தண்ணீரைக் கண்டால் பயம். படகு கட்டுகிற பலகை மேடையை எல்லோரும் ஜெட்டி என்பார்கள்; அந்த ஜெட்டியின் கடைசிப் பலகைக்கு இரண்டு பலகை இந்தப்பக்கம்தான் நிற்பாள். அதற்கும் ஒரு காரணம் சொல்வாள்: "நான் போயிட்டா யாரு மாட்டிவுடறது?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு நர்ஸம்மா வந்தார். மூக்குக்கண்ணாடி, இறுக்கிச் சீவிய கொண்டை. தனக்கொடி மூன்றாவது பக்கிளை மாட்டும்போது, அந்த அம்மா ஜாக்கெட்டின் உள்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல தேதி எங்கம்மா?"

"இன்னா தேதி?"

"செஞ்ச தேதி. நாங்க ஊசி போடறதுக்கு முன்னால மருந்துல தேதி பார்ப்போம். இது எத்தினி வருஷத்துக்குத் தாங்கும்?"

தனக்கொடிக்குத் தெரியவில்லை. "நல்லா மெதக்கும்மா, பயப்படாதீங்க" என்றாள்.

"நீங்க போட்டு மெதந்து பாத்திருக்கீங்களா?"

கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை. மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்கிற மாதிரி கேட்டார். அவ்வளவுதான். பதிலுக்குக் காத்திராமல் படகில் ஏறிப் போய், அரை மணி நேரம் சுற்றிவிட்டுப் பத்திரமாகத் திரும்பியும் வந்தார். அந்த அரை மணி நேரமும் தனக்கொடி அந்தப் படகை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வீட்டில் சாப்பிடும்போது கணவன் பலராமனிடம் சொன்னாள். பலராமனுக்கு ஒன்றரைக் காணி கரும்பும் கொஞ்சம் நெல்லும் கத்தரியும் உண்டு. கிணற்றில் தலைகீழாகக் குதித்து வளர்ந்தவன். அதைத் தினமும் யாருக்காவது சொல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது.

"அந்தம்மா கேட்டது ஞாயந்தானே" என்றான். "சாம்பார்ல உப்பு பாக்காம பந்தி வச்சவ மாதிரி, மூணு வருசமா ஊருக்கெல்லாம் மாட்டிவுட்டுக்கினு கீற."

"அப்போ நீங்க போட்டு மெதந்து காட்டுங்களேன்."

"நான் எதுக்கு? ஜாக்கெட்டைத் தூக்கி எறிஞ்சா நான் மெதப்பேன். என்னைத் தூக்கி எறிஞ்சா ஜாக்கெட் மெதக்குமா, அதைப் பாரு."

என்ன சொன்னான் என்று அவனுக்கே விளங்கவில்லை. ஆனாலும் ரொம்ப நேரம் சிரித்தான்.

செவ்வாய்க்கிழமை போட் ஹவுஸுக்கு விடுமுறை. தனக்கொடி ஒரு பழைய சுடிதாரைப் பையில் போட்டுக்கொண்டு, உயிர்காப்பு ஆளாக இருக்கும் பிரிட்டோவை வரச் சொன்னாள். பிரிட்டோவுக்கு முப்பது வயதிருக்கும். மீன் மாதிரி நீந்துவான். பேச்சு மட்டும் ஆமை மாதிரி.

"தம்பி, நான் எறங்கணும்."

பிரிட்டோ அவளைப் பார்த்தான். ஏரியைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான்.

"ஏன்க்கா, வூட்டுல சண்டையா?"

"ச்சீ! ஜாக்கெட் மெதக்குதான்னு பாக்கணும்டா."

படித்துறையில் இடுப்பளவுத் தண்ணீர் வரை இறங்க அவளுக்கு இருபது நிமிடம் ஆயிற்று. ஒவ்வொரு படியிலும் நின்று, "பாசி கீது", "பாம்பு கீது", "எனக்கு அடுப்புல பால் கீது" என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசியில் பிரிட்டோ அவள் இரண்டு கையையும் பிடித்து, "காலைத் தூக்குங்கக்கா" என்றான். கண்ணை இறுக மூடிக்கொண்டு காலைத் தூக்கினாள்.

முழுகவில்லை. முகவாய்க்குக் கீழே தண்ணீர் நின்றது. ஜாக்கெட் அக்குள் இரண்டையும் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தது. நாற்பத்தாறு வயதில் முதல்முறையாகக் காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் இருந்தாள். கண்ணைத் திறந்தாள். வானம் பெரிதாக இருந்தது.

"பிரிட்டோ! மெதக்கறேன்டா!"

"ஆமாக்கா."

"கையை வுடு."

"வுட்டு ரொம்ப நேரம் ஆச்சிக்கா."

கரைக்கு வரச் சொன்னால் வரமாட்டேன் என்றாள். கால் மணி நேரம் மரக்கட்டை மாதிரி கிடந்து, ஏரியில் குடியிருக்கும் நாமக்கோழிகளையெல்லாம் பேர் வைத்துக் கூப்பிட்டாள். பிரிட்டோ படியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டான். பிறகு அவளாகவே, "இன்னொண்ணு கொடு, அதையும் பாத்துடலாம்" என்றாள். வந்த தெம்பு அப்படி. அடுக்கின் அடியிலிருந்து கைக்கு வந்ததை எடுத்து வந்தான். பதினேழாம் நம்பர்.

இந்த முறை படியில் நிற்காமல் நேராக இறங்கி, ஒரு சின்னப் பெண்ணைப்போலக் காலைத் தூக்கினாள். தண்ணீர் முகவாயில் நிற்கவில்லை. வாய்க்கு வந்தது, மூக்குக்கு வந்தது. 'பிரி' என்று மட்டும் கேட்டது. 'ட்டோ' தண்ணீருக்குள் போய்விட்டது.

அவன் ஒரே எட்டில் அவள் காலரைப் பிடித்துத் தூக்கிப் படியில் போட்டான். இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்தது. பேச்சு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "பதினேழாம் நம்பரை ஞாயித்துக்கிழமை யாருக்கு மாட்டினேன்?"

பிரிட்டோ அந்த ஜாக்கெட்டைக் கையில் எடுத்து, உள்ளே இருக்கும் பஞ்சுப்பலகையை இரண்டு விரலால் அழுத்தினான். அழுந்தியது. அழுந்தியபடியே இருந்தது. முதலில் போட்டதை அழுத்தினான். அது உடனே உப்பி எழுந்தது.

"செத்துப்போச்சிக்கா. உள்ள குட்டி குட்டியா காத்து அடைச்சி வச்சிருப்பான். நசுங்கிட்டா காத்து போயிடும். யாரோ மேல கனத்தை வச்சிருக்காங்க."

தனக்கொடி துணியைப் பிழிந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள். ஜாக்கெட் அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே டிரங்குப் பெட்டி தெரிந்தது. பெட்டி அவளைப் பார்ப்பதுபோல இருந்தது.

"யாரோ இல்லடா" என்றாள். "நான்தான்."

பிரிட்டோ குற்றம் சொல்லாமல் ஜாக்கெட்டைப் பிழிந்து படியில் விரித்தான். அது அவனுடைய நல்ல குணம். மத்தியானத் தூக்கத்துக்கு அதே ஜாக்கெட்டைத் தலைக்கு வைத்துக்கொள்கிற பழக்கம் அவனுக்கு இருந்தது என்பது வேறு விஷயம்.

எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டு முழுக அவளுக்குத் தெம்பில்லை. பிரிட்டோதான் வழி சொன்னான். பெரிய ஆளைத் தாங்குகிற ஜாக்கெட் ஏழு கிலோ இரும்பைத் தொங்கவிட்டாலும் முழுகக்கூடாது, அவன் பயிற்சிக்குப் போனபோது அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்றான். பலராமன் அன்றைக்குத் திருக்கனூர்ச் சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டுபோயிருந்தான். தனக்கொடி போன் போட்டாள்.

"ஏங்க, மண்டியில பழைய எடைக்கல்லு கேளுங்க. அஞ்சு கிலோ நாலு, ரெண்டு கிலோ நாலு."

"எதுக்கு?"

"ஜாக்கெட்டுல கட்டணும்."

"ஏம்மே, அந்த நர்ஸம்மா கேட்டதுக்காகவா? அதெல்லாம் மனசுல வச்சிக்காத. வூட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்றான். குரலில் உண்மையான கலவரம். அவன் பயந்தது எதற்கு என்று புரிய அவளுக்கு நேரம் பிடித்தது. புரிந்ததும் கோபமும் வந்தது, கண்ணும் கலங்கியது. "முழுகறதுக்கு இல்லைய்யா, மெதக்கறதுக்கு!" என்று கத்தினாள். பத்து மணிக்கெல்லாம் கல்லோடு வந்து நின்றான். மண்டிக்காரர் எலக்ட்ரானிக் தராசுக்கு மாறிவிட்டதால் இரும்புக்கற்கள் மூலையில் சும்மா கிடந்தன.

நான்கு நான்காக ஜாக்கெட்டுகளைக் கட்டித் தண்ணீரில் இறக்கினார்கள். ஒவ்வொரு தடவைக்கும் அரை மணி நேரம். பலராமன் வரப்பில் உட்காருவதுபோல ஜெட்டியில் குந்திக்கொண்டு, "இருபத்திரெண்டு ஸ்ட்ராங்கு... முப்பத்தொண்ணு நொண்டுது... ஒம்பது காலி!" என்று கிரிக்கெட் வர்ணனை சொன்னான். சாயங்காலம் நாலரைக்கு முடிந்தது. இருபத்தேழு மிதந்தன. பதிமூன்று முழுகின. சில மடமடவென்று போயின. சில பத்து நிமிடம் தாக்குப்பிடித்து, ஆளை நம்பவைத்து, பிறகு போயின. தனக்கொடிக்கு அந்த இரண்டாவது வகைமேல்தான் ஆத்திரம்.

பதிமூன்றையும் பார்த்தால் எல்லாம் அடுக்கில் அடியில் இருந்தவை.

மறுநாள் காலை விஜயராஜ் வந்ததும் அவரிடம் சொன்னாள். அவர் மீசையைத் தடவினார்.

"புதுசு வர ரெண்டு வாரம் ஆவும், தனக்கொடி. ஞாயித்துக்கிழமை கூட்டம் அம்மும். அது வரைக்கும் அந்தப் பதிமூணை ஒல்லியா இருக்கறவங்களுக்குப் போட்டு ஓட்டு. இங்க ஏரி என்னா கடலா? யாரு வுழப்போறாங்க?"

தனக்கொடி உள்ளே போனாள். பை தைத்த காலத்துப் பெரிய கத்திரிக்கோல் அவளிடம் இன்னும் இருந்தது. பதினேழாம் நம்பரை எடுத்தாள். மூன்று பட்டையையும் 'கறக் கறக்' என்று வெட்டினாள். ஒன்பதாம் நம்பர். முப்பத்தொன்று. விஜயராஜ் ஓடிவந்து வாசலில் நிற்கும்போது அவள் எட்டாவதில் இருந்தாள்.

"ஏய்! இன்னா பண்ற? என் பொருளு அது!"

"ஒங்க பொருளுதான் சார். கெடுத்தது நானு." வெட்டுவதை நிறுத்தாமல் பேசினாள். "தட்டையா அழகா இருக்கட்டும்னு பொட்டியைத் தூக்கி வச்சேன். நீங்களும் வந்து பாத்துட்டு பேஷ் பேஷுன்னீங்க. ஒங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. இப்பத் தெரிஞ்சிபோச்சி. தெரிஞ்சிக்கினு மாட்டிவுட என் கை வராது. வேலையை வுட்டுப் போன்னாலும் போறேன். மிச்சம் அஞ்சு கீது, அதை வெட்டிட்டுப் போறேன்."

விஜயராஜ் கெட்ட மனிதர் இல்லை. வரவைப் பார்த்தால் கொஞ்சம் மனம் தடுமாறுகிறவர், அவ்வளவுதான். தப்பை ஒளிக்காமல் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டு, அதை வெட்டிக்கொண்டும் இருக்கிறவளை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வெளியே போய் போனை எடுத்துப் புது ஜாக்கெட்டுக்குச் சொன்னார். பிறகு கதவருகே வந்து, "பொட்டியை வெளிய தூக்கிப் போடச் சொல்லு" என்றார். அவருடைய மன்னிப்பு அந்த மாதிரி இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை விஜயராஜ் சொன்னபடியே கூட்டம் அம்மியது. பிரிட்டோவுக்கு ஒன்று போக இருபத்தாறு ஜாக்கெட். இருபத்தாறு பேருக்குமேல் தண்ணீரில் ஆள் கிடையாது. வரிசை அரசமரம் வரை நீண்டது. திட்டினவர்களுக்கெல்லாம் தனக்கொடி ஒரே பதில்தான் வைத்திருந்தாள்: "வெயிலா இருந்தா மரத்தடியில நில்லுங்க."

அந்த வரிசையில்தான் பலராமன் வந்தான். வெளுத்த வேட்டி, கஞ்சி போட்ட சட்டை. கூடவே கரியமாணிக்கத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கை ஜெயசித்ராவும் அவள் கணவன் அன்புராஜும். பெண்டாட்டி வேலை பார்க்கும் இடத்தைக் காட்ட அழைத்து வந்திருந்தான். தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் தனக்கொடி ஜாக்கெட் மாட்டினாள். ஜெயசித்ரா, "அண்ணி, பொடவை மடிப்பு கலையுது" என்றாள். "கலையட்டும், பாப்பா" என்று பக்கிளைப் போட்டாள்.

பலராமன் ஜாக்கெட்டைக் கையால் தள்ளினான். "எனக்கெதுக்கு? நான் கெணத்துல தலைகீழா—"

"அது கெணறு. இது என் ஏரி. போட்டுக்கினா போட்ல ஏறுங்க, இல்லன்னா அந்த பெஞ்சில ஒக்காருங்க."

மாப்பிள்ளை முன்னால் விட்டுக்கொடுக்க முடியுமா? பெஞ்சில் போய் உட்கார்ந்தான். வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டு, தனக்குப் படகில் ஆசையே இல்லாததுபோல ஏரிக்கு முதுகைக் காட்டினான்.

அன்புராஜும் ஜெயசித்ராவும் பெடல் போட்டில் போனார்கள். கரையிலிருந்து தென்னைமர உயரம் தள்ளிப் போனதும், அன்புராஜுக்கு நாமக்கோழிக் கூட்டத்தைப் பின்னால் வைத்துத் தன்னைப் படமெடுக்க வேண்டும்போல இருந்தது. எழுந்தான். "குந்துங்க!" என்று தனக்கொடி விசிலை ஊதினாள். விசிலுக்கும் சிரித்துக் கையாட்டினான். ஆட்டின கையோடு ஜெயசித்ரா பக்கம் சாய்ந்தான். படகும் சாய்ந்தது. இரண்டு பேரையும் தண்ணீரில் கொட்டிவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல நிமிர்ந்துகொண்டது.

கரையில் எல்லோரும் கத்தினார்கள். தனக்கொடிக்கு மட்டும் சத்தம் வரவில்லை. தண்ணீரையே பார்த்தாள். ஒரு நொடி வெறும் அலை. பிறகு ஓர் ஆரஞ்சு. இன்னோர் ஆரஞ்சு. இரண்டும் தலையோடு மேலே வந்து நின்றன. முகவாய்க்குக் கீழே தண்ணீர்.

"ஒன் மூஞ்சியைப் போட்டோ எடுக்கலன்னு எவன்டா அழுதான்!" என்று ஜெயசித்ராவின் குரல் தெளிவாகக் கரைக்கு வந்தது. புருஷனை அவள் வாடா போடா என்று பேசினதை ஊர் அன்றுதான் கேட்டது. மிதந்தபடியே திட்டினாள். திட்டுகிற அளவுக்கு மூச்சு இருந்தது. தனக்கொடிக்கு அதைவிட இனிமையான சத்தம் வேண்டியிருக்கவில்லை.

பிரிட்டோ படகைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டான். எல்லாம் ஒழுங்காக முடிந்திருக்கும். ஆனால் தங்கையின் குரலைக் கேட்டுத் திரும்பிய பலராமன், வேர்க்கடலையை வீசிவிட்டு ஜெட்டியில் ஓடி, வேட்டியோடு குதித்தான்.

குதித்தது அழகுதான், தலைகீழாகவே குதித்தான். முதல் பத்து கை ஜோராகப் போட்டான். பதினோராவது கையில் வேட்டி அவிழ்ந்து காலைச் சுற்றியது. கிணற்றில் கோவணத்தோடு நீந்தினவன் அவன். அதுவும் முப்பது வருடத்துக்கு முன்னால். தலை ஒருமுறை உள்ளே போய் வந்தது. இன்னொருமுறை போனது.

இப்போது தனக்கொடிக்குச் சத்தம் வந்தது. ஜெட்டியின் கடைசிப் பலகைக்கே ஓடிவிட்டிருந்தாள். அவளுக்கே அது தெரியாது.

"காலை ஒதறாதய்யா! வேட்டியை அவுத்து வுடு! ஜெயசித்ரா, ஒங்கண்ணனைப் புடி! தோள்பட்டையைப் புடிச்சிக்கச் சொல்லு!"

ஜெயசித்ரா திட்டுவதை நிறுத்தி, அண்ணன் தலைமயிரைப் பிடித்து இழுத்துத் தன் ஜாக்கெட் பட்டையில் அவன் கையை வைத்தாள். ஒரு ஜாக்கெட்டில் இரண்டு பேர். முகவாயில் இருந்த தண்ணீர் உதட்டுக்கு ஏறியது. தனக்கொடியின் மனத்தில் ஏழு கிலோ, ஏழு கிலோ என்று ஓடியது. இரண்டு பேருக்குத் தாங்குமா என்று அவள் சோதித்துப் பார்த்ததில்லை. தண்ணீர் உதட்டிலேயே நின்றது. பிரிட்டோ போய்ச் சேரும்வரை அங்கேயே நின்றது.

மூன்று பேரையும் கரைக்குக் கொண்டுவந்தான். ஜெயசித்ரா முதலில் இறங்கினாள். பிறகு போனை ஏரிக்குக் கொடுத்த அன்புராஜ். கடைசியாகப் பலராமன், பட்டாபட்டி டவுசரோடு, கஞ்சி போன சட்டையோடு. முந்நூறு பேர் பார்த்தார்கள். யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். தனக்கொடி துண்டை எடுத்து அவன் இடுப்பில் சுற்றிவிட்டாள். திட்டப்போகிறாள் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்து நின்றான். அவள் திட்டவில்லை. இரண்டு கையாலும் அவன் சட்டை மார்பைப் பிடித்துக்கொண்டாள். பக்கிளே இல்லாத அந்தச் சட்டையில் அவள் விரல் பக்கிளைத் தேடிக்கொண்டிருந்தது. அவனுக்கு அது திட்டைவிட மோசமாக இருந்தது.

"அடுத்த தடவை போட்டுக்கறேன்மே" என்றான் மெதுவாக.

"அடுத்த தடவையா? ஒரு மாசத்துக்கு இந்தப் பக்கமே வராதீங்க."

புது ஜாக்கெட்டுகள் சொன்னதற்கு நாலு நாள் தள்ளி வந்தன. தனக்கொடி இப்போது எதையும் அடுக்குவதில்லை. நிழலில் கொடி கட்டி, ஒவ்வொன்றையும் ஹேங்கரில் தொங்கவிடுகிறாள். மாதத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை எடைக்கல் கட்டிப் பார்க்கிறாள். வாங்கிய மாதத்தை உள்பக்கத்தில் சிவப்பு நூலால் தைத்தும் வைத்திருக்கிறாள். விஜயராஜ் வெளியூர்ப் பார்வையாளர்களிடம் எல்லாம் தன் யோசனை என்று சொல்லிக்கொள்கிறார். அவள் மறுப்பதில்லை.

பலராமனின் வேட்டி மூன்றாம் நாள் மதகில் கிடைத்தது. திருக்கனூர் மண்டியில் அவன் இப்போதும் அந்தக் கதையைச் சொல்வதுண்டு. அதில் தங்கை முழுகிக்கொண்டிருப்பாள். இவன் ஒரே மூச்சில் போய் அவளைப் பிடித்திருப்பான். வேட்டி வராது. எடைக்கல்லைக் கொடுத்த மண்டிக்காரர் ஒருநாள் கேட்டார்: "அப்போ ஒங்க வூட்டம்மா இன்னா பண்ணிக்கினு இருந்தாங்க?"

"அவளா? கரையில நின்னு கத்திக்கினு இருந்தா."

தனக்கொடி அன்று அவன்கூடத்தான் மண்டிக்குப் போயிருந்தாள். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"ஆமாங்க, நல்லா கத்தினேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வெண்டைக்காயை எடுத்தாள்.